விளக்கை என்ன செய்தாய், ஆச்சி?

சிம்பாங் ரெங்கம்
1 ஜூலை 2024

காசி,

நீ என் நம்பரை பிளாக் செய்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தீக்காயம் பட்ட வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். எல்லாவற்றையும் தேதி போட்டு வரிசையாக எழுதிப் பழகுங்கள் என்று லாயர் சொல்லியிருக்கிறார். போன வருடம் ஆகஸ்ட் பதினேழாம் தேதி மாலை ஏழு மணிக்கு நம் துணிக்கடையைப் பூட்டினேன். எட்டேகாலுக்குப் பின்கட்டின் உள்கூரையில் தீப்பிடித்தது. ஓடிவந்து ஷட்டரைத் தூக்கப் போய்த்தான் என் கை வெந்தது. பொம்பா தீயணைப்பு வண்டி வருவதற்குள் தைத்து வைத்த பள்ளிச் சீருடை, தீபாவளிச் சரக்கு, நான்கு தையல் மெஷின் எல்லாம் போயிற்று. முன்பக்கம் இருந்த சாமி அலமாரி மட்டும் கரி படிந்து நின்றது. நவம்பர் ஒன்பதாம் தேதி காப்புறுதிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கடையில் ஆள் இல்லாதபோது உள்ளே நெருப்பு எரியக்கூடாது என்பது பாலிசியின் நிபந்தனையாம். சாமி விளக்கை எரியவிட்டுப் போனதாக நானே ஒப்புக்கொண்டேனாம். அதனால் ஒன்றும் கிடையாது.

அன்றைக்குத்தான் நீ கடைசியாக என்னிடம் பேசினாய். "உன் விளக்குதான் கடையைத் தின்னுச்சு" என்றாய். பக்கத்தில் உன் மனைவி விசாலி "விடுங்க" என்று சொன்னது எனக்குப் போனில் கேட்டது. பிறகு ஜொகூர் பாருவில் ஒரு கல்யாணத்திலும் அதையே நாலு பேர் நடுவில் சொன்னாயாம்.

காசி, நான் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விளக்கை மலையேற்றிவிட்டுத்தான் ஷட்டரை இழுத்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தின் நகல், கூட்டாளி என்ற முறையில் உன் பெயருக்கு வந்திருக்கிறது. அதை அனுப்பு. லாயரும் கம்பெனியிடம் கேட்டிருக்கிறார், அவர்கள் இழுக்கிறார்கள். நிராகரித்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் உரிமை போய்விடும் என்று பாலிசியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த வரி சட்டத்தில் நிற்குமா என்று வாதாடலாமாம், ஆனால் அந்த வம்பை நாமாக வாங்கிக்கொள்ள வேண்டாம் என்கிறார். நவம்பர் எட்டு. அதற்குள்.

மீனாள் ஆச்சி


தெப்ராவ்
9 ஜூலை 2024

ஆச்சி,

லாயர் பிடித்திருக்கிறாய். யாரைக் கேட்டு? கடையில் பாதி என் பெயரில் இருக்கிறது. பதினோரு வருடம் விடியற்காலையில் எழுந்து பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஷிப்ட் பார்த்துச் சேர்த்ததை அதில் போட்டேன். என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நம் ஏஜண்ட் செல்வா போன வாரம் வந்தார். கம்பெனி நல்லெண்ண அடிப்படையில் பாதி தரத் தயாராம். நாம் இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அதன் பிறகு எந்தக் கேள்வியும் கேட்கக்கூடாது. நான் போட்டுவிட்டேன். உன் கையெழுத்துக்காக அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. முடித்துக்கொள்வோம்.

ஒப்புக்கொள்ளவில்லை என்கிறாய். குளுவாங் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நின்றவன் நான். நஷ்டத்தை விசாரிக்கக் கம்பெனி அனுப்பிய அஜஸ்டர் கேட்டதை உனக்குத் தமிழில் சொன்னவனும், நீ சொன்னதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னவனும் நான். என் காதால் கேட்டேன். இப்போது உன் கடிதத்திலும் அதையேதான் எழுதியிருக்கிறாய், அதற்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் எழுதுகிறாய். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது.

அதற்கு முந்தின மே மாதமே கடையை விற்றுவிடலாம் என்று சொன்னேன். அலமாரிக்குள் எண்ணெய், திரி, கற்பூரம், சுற்றிலும் துணி, ஒரு நாள் எரியப் போகிறது என்றும் சொன்னேன். சொன்னேனா இல்லையா?

காசி


சிம்பாங் ரெங்கம்
18 ஜூலை 2024

காசி,

சொன்னாய். நீ சொன்னதையெல்லாம் நான் மறக்கவில்லை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டால் பாதிப் பணம் வரும், கடையை எரித்தவள் என்ற பெயர் முழுதாக வரும். சாமான் வாங்கப் போனால்கூட "அந்த விளக்கு ஆச்சி" என்று எனக்குக் கேட்கும்படியே பேசுகிறார்கள். இந்த ஊரில் நான் இன்னும் இருபது வருடமாவது இருக்க வேண்டும்.

லாயரைப் பற்றி உனக்குச் சொல்லவில்லை என்று கோபப்படுகிறாய், அதனால் சொல்கிறேன். பெயர் ஷாந்தினி, குளுவாங்கில் ஆபீஸ். சிலோன்காரப் பிள்ளை, அப்பா கனகசபை பழைய சர்க்கார் உத்தியோகஸ்தர். நம் கடையில் வேலை பார்த்த கஸ்தூரிதான் அழைத்துப்போனாள். உள்ளே நுழைந்ததும் அவள் "இவங்கதான் நான் சொன்ன ஆச்சி" என்றாள். அந்தப் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. அவர்கள் வீட்டில் ஆச்சி என்றால் பாட்டியாம். நம்மவர்களுக்கு அக்காதான் ஆச்சி என்று சொன்னதும், "சாரி ஆன்ட்டி, வயசானவங்க வருவாங்கன்னு நாற்காலிக்குக் குஷன் எல்லாம் போட்டு வச்சேன்" என்று சிரித்தது. எனக்கு ஐம்பத்தொன்று. குஷன் நன்றாகத்தான் இருந்தது.

அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆன்ட்டி, தீ பிடிச்சு நஷ்டமாச்சுன்னு நீங்க காட்டணும். காட்டிட்டீங்க, பொம்பா ரிப்போர்ட் இருக்கு. நிபந்தனையை மீறினீங்கன்னு காட்ட வேண்டியது அவங்க வேலை. அவங்க கையில இருக்கிறது உங்க வாய்வார்த்தை ஒண்ணுதான்." தீ பின்கட்டில்தானே பிடித்தது, விளக்கு முன்னால் கண்ணாடிக்குள்தானே இருந்தது என்று கேட்டேன். தீ எங்கிருந்து வந்தது என்பதே அவர்களுக்கு வேண்டாமாம். விளக்கு எரிந்தது என்றாலே போதும், அதைச் சாக்காக வைத்துக் கையைக் கழுவிவிடுவார்களாம்.

இனி எழுதுவதை உன்னிடம் மட்டும்தான் எழுத முடியும். நீ இவ்வளவு உறுதியாகச் சொல்வதால் எனக்கே என் மேல் நம்பிக்கை ஆடுகிறது. நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா? முப்பது வருடமாகத் தினமும் செய்கிற காரியத்தில் அந்த ஒரு நாளை மட்டும் எப்படித் தனியாகப் பிரித்தெடுப்பது? இப்போதெல்லாம் கதவைப் பூட்டிவிட்டு வெளியே போனால் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறேன். அடுப்பைப் பார்க்கிறேன், பூட்டை இழுத்துப் பார்க்கிறேன், மறுபடி போகிறேன், மறுபடி வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மூன்று தடவை வந்தேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

வாக்குமூலத்தை அனுப்பு. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிய வேண்டும்.

ஆச்சி


தெப்ராவ்
2 ஆகஸ்ட் 2024

ஆச்சி,

நகல் இதோடு இருக்கிறது. ஒரு பக்கம்தான். மூன்றாம் பத்தியில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். இங்கிலீஷ் புரியாது என்றால் உன் லாயரைப் படித்துச் சொல்லச் சொல்.

செல்வா கொடுத்த தேதி ஆகஸ்ட் 31. அதற்குப் பிறகு அந்தப் பாதியும் இல்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை அனுப்பவில்லை. நீ மூன்று தடவை திரும்பி வந்ததாக எழுதியதைப் படித்தபோது எனக்கு நன்றாக இல்லை. தப்பு யாருக்கும் நடக்கும், ஆச்சி. நடந்தது நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் உனக்கும் நிம்மதி. எனக்கும்.

காசி


சிம்பாங் ரெங்கம்
11 ஆகஸ்ட் 2024

காசி,

உட்கார்ந்து படி. பஸ் வரிசையில் நின்றுகொண்டு படிக்காதே.

உன் தாளை எடுத்துக்கொண்டு ஷாந்தினியிடம் போனேன். மஞ்சள் கோடு போட்ட இடத்தைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னது. "விளக்கை உயரமான இடத்தில் ஏற்றி வைத்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு கடையைப் பூட்டினேன்." மூன்று வரி. கீழே இடது கையால் நான் போட்ட கோழிக் கிறுக்கல்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லையே" என்றேன்.

"சரி, நீங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க ஆன்ட்டி."

"விளக்கை மலையேத்திட்டுத்தான் கடையைப் பூட்டுனேன்னு சொன்னேன்."

அந்தப் பிள்ளை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "மலையேத்துறதுன்னா என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையேற்றுவது என்றால் மலையேற்றுவதுதான், இதை எப்படிச் சொல்வது? விளக்கு இருக்கிற வீட்டில் "அணை" என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டோம், அபசகுனம், எரிகிற விளக்கை அமர்த்துவதை மலையேற்றுவது என்போம் என்று விளக்கினேன். உடனே அது, "ஓ, நூர்க்கிறதா? எங்க அம்மா விளக்கு நூத்தாச்சுன்னு சொல்வாங்க" என்றது. அவர்களுக்கு ஒரு சொல், நமக்கு ஒரு சொல். அணை என்று மட்டும் இரண்டு வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், காசி. வெளியே உட்கார்ந்திருந்த குமாஸ்தா எழுந்து வந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது.

ஒரு வருடம். விளக்கு எரியவில்லை என்று நான் சொன்ன வாக்கியத்தையே விளக்கு எரிந்ததற்குச் சாட்சியாக வைத்து ஒரு வருடம் என்னைத் திருடி மாதிரி தலைகுனிய வைத்திருக்கிறீர்கள்.

கம்பெனி அனுப்பிய போட்டோக்களையும் ஷாந்தினி எடுத்துப் பார்த்தது. பதினான்காவது படத்தில் சாமி அலமாரியின் கதவைத் திறந்து விளக்கைக் கிட்டத்தில் எடுத்திருக்கிறார்கள். கீழே "பூவால் அலங்கரிக்கப்பட்ட விளக்கு" என்று எழுதியிருக்கிறதாம். அது அலங்காரமா, காசி? வாயால் ஊதக்கூடாது என்பதற்காகச் சாமந்திப் பூவைத் திரிமேல் வைத்து மலையேற்றியிருக்கிறேன். ஐந்து நாள் கழித்து எடுத்த படத்தில் காய்ந்த பூ அப்படியே திரிமேல் இருக்கிறது. விளக்கில் பாதி எண்ணெய் நிற்கிறது. மூடின கண்ணாடிக்குள் எரிந்த விளக்கு என்றால் எண்ணெய் தீர்ந்தல்லவா போயிருக்கும்? எத்தனையோ பேர் பார்த்த படம், ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

நான் செய்தேன். சரியாகத்தான் செய்தேன். அந்த ஒரு நாளை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். முதல் வரி புரிகிறது. மலையேற்றினேன் என்பதை நீ உயரத்தில் ஏற்றியதாக நினைத்துவிட்டாய், சரி. "விளக்கு எரிந்துகொண்டிருந்தது" என்ற இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது? அந்த மாதிரி நான் எதுவுமே சொல்லவில்லை.

ஆச்சி


தெப்ராவ்
19 ஆகஸ்ட் 2024

ஆச்சி,

இது கோர்ட்டில் நிற்காது. ஒரு வருடம் கழித்துப் போய், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு என்று சொன்னால் எவன் நம்புவான்? பணத்துக்காக அக்காளும் தம்பியும் சேர்ந்து கதை கட்டுகிறார்கள் என்பார்கள். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பாதியை வாங்கிக்கொள்வோம்.

24 ஆகஸ்ட்

மேலே எழுதியதை ஐந்து நாளாக அனுப்பாமல் வைத்திருந்தேன். கிழிக்கவும் இல்லை. இருக்கட்டும், நீ படி.

உன் கடிதம் வந்த அன்றே விசாலியிடம் கேட்டேன், மலையேத்துறதுன்னா என்னான்னு தெரியுமா என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "எந்த விளக்கை?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பதினாறு வருடமாக என் வீட்டில் தினமும் விளக்கு மலையேறுகிறது, எனக்குத் தெரியாது. அம்மா ஏற்றினார்கள், பிறகு நீ ஏற்றினாய், இப்போது அவள் ஏற்றுகிறாள். பன்னிரண்டு வயதில் ஹாஸ்டலுக்குப் போனவன் நான். எனக்கு விளக்கு ஏற்றின பிறகு கும்பிடத்தான் தெரியும். அது எப்படி நிற்கிறது என்று ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை.

இரண்டாவது வரியைக் கேட்டாயே. அதைச் சொல்லத்தான் ஐந்து நாள் ஆயிற்று.

நீ அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். ஊசி போட்டிருந்தார்கள், உனக்கு மயக்கம். நான் உயரத்தில் வைத்ததாக அஜஸ்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, அப்படியானால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்ததா என்று என்னைக் கேட்டார். உன்னை எழுப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யெஸ் என்றேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் என்று ஒரு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கடையை விற்கச் சொன்னேன், நீ கேட்கவில்லை. ஒரு நாள் எரியும் என்றேன், எரிந்தது. என் வாக்கு பலித்துவிட்டது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. உன் மேல்தான் தப்பு என்றால், நான் உனக்கு ஒத்தாசையாக ஒரு நாள்கூடக் கடையில் வந்து உட்காராததற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். அதற்காக யெஸ் என்று சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வாயில் சுலபமாக வந்தது.

காசி


சிம்பாங் ரெங்கம்
28 ஆகஸ்ட் 2024

காசி,

படித்தேன். இரண்டு நாள் பதில் எழுத மனம் வரவில்லை.

சொல் தெரியாமல் போனது உன் தப்பில்லை. உனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை, நானும்தான். ஆனால் நான் பக்கத்தில் படுத்திருக்கும்போது என் சார்பில் நீ பதில் சொன்னாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இதை ஷாந்தினியிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன், இப்போது கணக்குச் சரி. அது உடனே வாக்குமூலத் தாளைத் திருப்பிப் பார்த்தது. இதை அவருக்கு அவர் மொழியில் படித்துக்காட்டினோம், அவர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்று ஒரு வரி இருக்க வேண்டுமாம். அந்த வரியே இல்லை. மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லை. "ஆன்ட்டி, இந்தத் தாளில உங்க தம்பியே இல்லை. அவரை நாம உள்ளே கொண்டு வரணும்" என்றது.

நீ சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்க வேண்டும். நீதான் மொழிபெயர்த்தாய், அந்தச் சொல் உனக்குத் தெரியாது, எரிந்துகொண்டிருந்தது என்பது என் பதில் அல்ல, உன் பதில். மூன்றும். உன்னைக் கோர்ட்டில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்களாம். அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்பார்களாம். எனக்கு எழுதியதை அவர்களிடம் சொல்ல முடியுமா என்று யோசித்துக்கொள். முடியாது என்றால் அதையாவது நேராகச் சொல்.

செல்வாவின் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் கையெழுத்து மட்டும் தனியாக இருக்கிறது.

ஆச்சி


தெப்ராவ்
14 செப்டம்பர் 2024

ஆச்சி,

உன் லாயர் உன்னிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

வியாழக்கிழமை லீவு போட்டுக் குளுவாங் போனேன். ஷாந்தினி ஏழு பக்கம் தயார் செய்து வைத்திருந்தார். சத்தியம் வாங்கும் ஆணையர் கமலநாதன் என்று ஒருவர், மாடியில் ஒரு சின்ன அறை. வழக்கமாகப் பார்க்காமலே முத்திரை குத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பத்தியாகப் படித்தார். ஒன்பதாம் பத்தியில் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, நெசமாவே இது தெரியாதா?"

"தெரியாதுங்க."

"அக்காதானே, கேக்க வேண்டியதுதானேலா?"

அவர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக்கொண்டே, "சரி, இப்ப தெரிஞ்சுக்கிட்டீங்க" என்றார். கோர்ட்டில் கேட்கப் போகிறவர்கள் இதைவிடக் கடுமையாகக் கேட்பார்களா என்று தெரியவில்லை. எனக்கு அந்த "சரி"யே போதும் போலிருந்தது.

இன்னொன்றும் செய்தேன். நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில், ஆச்சி அன்று விளக்கை மலையேற்றிவிட்டுத்தான் போனார், எரிந்ததாகச் சொன்னது நான், அது தப்பு என்று எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் படித்ததாகக் காட்டுகிறது. மூன்று பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். கல்யாணத்தில் நான் பேசியபோது மட்டும் அத்தனை பேரும் பதில் சொன்னார்கள்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். போன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நீ கூப்பிடவில்லை.

காசி


சிம்பாங் ரெங்கம்
3 மார்ச் 2025

காசி,

நான் கூப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது. போனில் பேசினால் நீ சொன்னது நான் சொன்னதாகிவிடும். எழுத்துதான் நல்லது. கோர்ட் வாசலில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டோம், தலையசைத்தோம், அது போதும் என்றிருந்தது.

தீர்ப்பு வரை போகவில்லை. நீ கூண்டில் நிற்கவும் வேண்டியிருக்கவில்லை. அக்டோபரில் வழக்குப் போட்டோம், உன் ஏழு பக்கமும் பதினான்காவது படமும் போயின. ஜனவரியில் சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்தபோது, கம்பெனி லாயர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் முடிந்தது. முழுதும் தருகிறார்கள். பங்கு உன் பெயருக்கு நேராக வரும்.

ஆனால் கடைசித் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் அடம் பிடித்தேன். பணம் தருகிறோம், தப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தார்கள். "எல்லா சமரசத்திலயும் அப்படித்தான் ஆன்ட்டி எழுதுவாங்க" என்று ஷாந்தினி சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். நிபந்தனையை நான் மீறியதாகச் சொன்னதைக் கம்பெனி திரும்பப் பெறுகிறது. அந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் இழுத்தது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, மற்றதெல்லாம் பிறகு.

இன்னமும் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிறேன். முன்பு மூன்று தடவை, இப்போது ஒன்று. இது போகுமா என்று தெரியவில்லை.

பழைய கடைக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு கடைவீடு கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை திறக்கிறேன். புதுப் பாலிசிக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டும், இந்தத் தடவை வேறு கம்பெனி. பதினோராவது கேள்வி, கடைக்குள் திறந்த நெருப்பு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்பது. இல்லை என்று போட்டுவிட்டால் சுலபம் என்றாள் கஸ்தூரி. ஷாந்தினி கையை ஓங்காத குறையாக, "உள்ளதை உள்ளபடி எழுதுங்க, அதுதான் உங்களைக் காப்பாத்தும்" என்றது. அதனால் நான் எழுத வேண்டிய பதில் இது:

"காலை ஒன்பது மணிக்குச் சாமி விளக்கு ஏற்றுவேன். மாலை கடையைப் பூட்டும் முன் பூ வைத்து மலையேற்றுவேன்."

இதை இங்கிலீஷில் எழுதி அனுப்பு. ஷாந்தினியே எழுதித்தரும், ஆனால் நான் உன்னைக் கேட்கிறேன். ஏதாவது சொல் புரியவில்லை என்றால் என்னைக் கேள். உன்னை மன்னித்துவிட்டதாக இதில் எங்கும் எழுதவில்லை, அதையும் நீயாக மொழிபெயர்த்துக்கொள்ளாதே.

ஆச்சி


தெப்ராவ்
7 மார்ச் 2025

ஆச்சி,

பதிலை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு வாக்கியத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

முதல் வாக்கியத்தில் கஷ்டம் இல்லை. இரண்டாவதில், அணைப்பேன் என்பதற்கு இங்கிலீஷில் இருக்கிற சாதாரணச் சொல்லைத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பழைய கதைதான். அது எனக்குத் தெரிகிறது. ஆனால் எழுதப் போனால் கை வரவில்லை. மேசைக்கு எதிரே விசாலியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை எழுத எனக்குக் கூசியது. அவள் பூவை எடுத்துத் திரிமேல் வைக்கும்வரை காத்திருந்துவிட்டு எழுதினேன். நாற்பத்தாறு வயதில் இப்போதுதான் முதல் தடவையாக அதைப் பார்த்தேன்.

மூன்று கேள்வி இருக்கிறது. பூ என்றால் எந்தப் பூவாக இருந்தாலும் சரியா? பூ கிடைக்காத நாளில் என்ன செய்வாய்? மலையேற்றிய பிறகு எண்ணெய் அப்படியே இருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா? நானாக எதுவும் எழுதவில்லை, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ சொன்னால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை லீவு எடுத்திருக்கிறேன். காலையில் நீ ஏற்று. மாலை பூட்டும்போது நான் இருப்பேன். நீ தெருமுனை வரை போய்விடு, ஆச்சி, திரும்பி வர வேண்டாம். விளக்கை நான் மலையேற்றிவிட்டு வருகிறேன்.

காசி